சொல்லாமல் விட்ட வேலை: இல்லறம் கேள்வி–பதில்

வீட்டு வேலை ஒன்றைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டேன், கணவர் கவனிக்கவே இல்லை, மனைவிக்குத் தெரியவே இல்லை என்று எழுதும் வாசகர்கள் நிறையப் பேர். அப்படி வந்த கடிதங்களில் ஆறுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

வாசகி, திருச்சி: திருமணமாகி 11 ஆண்டுகள். இருவரும் வேலைக்குப் போகிறோம். குளியலறையைத் தேய்த்துக் கழுவுவது முதல் நாளிலிருந்தே என் தலையில்தான். ஆடி பிறந்ததும் அதை விட்டுவிட்டேன். சண்டை போடவில்லை, சொல்லவும் இல்லை. அவரே பார்த்துக் கேட்கட்டும் என்று இருந்தேன். ஆவணி முடியப் போகிறது. குழாயடியில் வெள்ளைப் படலம், மூலையில் வழவழப்பு, தண்ணீர் போகும் ஓட்டையில் முடி. தினமும் அதில்தான் அவரும் குளிக்கிறார். ஒரு வார்த்தை வரவில்லை. வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறாரா, இல்லை என்னை அவ்வளவுகூடக் கவனிப்பதில்லையா?

பதில்: வேண்டுமென்றே இருக்க வாய்ப்புக் குறைவு. உங்கள் மேல் அக்கறை இல்லை என்றும் இதை வைத்து முடிவு கட்ட முடியாது. குளியலறை அழுக்கு மெல்ல ஏறுவது. போர்வெல் தண்ணீரில் இருக்கும் கால்சிய, மக்னீசிய உப்புகள், தண்ணீர் காயும் ஒவ்வொரு முறையும் மெல்லிசாகப் படிந்துகொண்டே போகும். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாது. காலை அவசரத்தில் முகத்தில் சோப்போடு நிற்பவர் கண்ணில் அது படாது. உங்கள் கண்ணில் படுவதற்குக் காரணம், எந்த மூலை முதலில் வழுக்கும் என்று 11 ஆண்டுகள் பார்த்துப் பழகிய கண் அது. நீங்கள் தேய்ப்பதைத்தான் நிறுத்தியிருக்கிறீர்கள். பார்ப்பதை நிறுத்தவில்லை.

எந்த வீட்டு வேலையிலும் கையால் செய்வது ஒரு பங்குதான். இப்போது செய்ய வேண்டும் என்று கண்டுகொள்வது, பிரஷும் பவுடரும் தீர்ந்துவிட்டதா என்று பார்த்து வாங்கி வைப்பது, இவையும் வேலைதான். கண்டுகொள்ளும் பங்கை அவர் ஒருநாளும் செய்ததில்லை. நீங்கள் கையை எடுத்துவிட்டதால் அது தானாக அவரிடம் போய்ச் சேராது. யாரிடமும் சேராமல் நடுவில் கிடக்கும். இப்போது உங்கள் வீட்டில் கிடப்பதும் அப்படித்தான்.

1979-இல் மைக்கேல் ராஸ், ஃபியோரி சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள், கணவன் மனைவியைத் தனித்தனியாக உட்காரவைத்து, வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இருவர் சொன்ன பங்கையும் கூட்டினால் பெரும்பாலான வேலைகளில் நூறு சதவீதத்தைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. தான் குனிந்து நிமிர்ந்தது தனக்கு ஞாபகம் இருக்கும், அடுத்தவர் குனிந்து நிமிர்ந்தது இருக்காது. நாம் செய்தபோதே பதியாத வேலை, நிறுத்தும்போது மட்டும் எப்படிப் பதியும்?

நிறுத்தியது தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. நிறுத்த உங்களுக்கு முழு உரிமை உண்டு. சொல்லாமல் நிறுத்தியதால்தான் அது வீணாகிறது. ஐஸ்லாந்தில் 1975 அக்டோபர் 24 அன்று, ஏறக்குறைய 90 சதவீதப் பெண்கள் வேலைக்கும் போகவில்லை, வீட்டில் அடுப்பும் பற்றவைக்கவில்லை, பிள்ளைகளையும் பார்க்கவில்லை. அப்பாக்கள் குழந்தைகளை அலுவலகத்துக்குத் தூக்கிப் போனார்கள். அடுத்த ஆண்டே அந்த நாட்டு நாடாளுமன்றம் ஆண் பெண் சமத்துவச் சட்டம் கொண்டுவந்தது. அன்றைக்கு அந்தப் பெண்கள் நாள் குறித்து, ஊரறியச் சொல்லிவிட்டு நிறுத்தினார்கள். உங்கள் வீட்டுக்கும் அதே முறைதான் பொருந்தும்.

சனிக்கிழமை இரவு, இருவரும் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பேசுங்கள். அழுக்கைக் காட்டிக்கொண்டே பேச வேண்டாம், அவர் குளித்துவிட்டு வரும்போதும் வேண்டாம். “ஏங்க, ஆடி மாசத்துல இருந்து நான் பாத்ரூம் கழுவல. நீங்க கவனிக்கலன்னு எனக்கு வருத்தம். இனிமே அது உங்க பொறுப்பா இருக்கட்டும். நாளைக்கு ஒரு தடவை சேர்ந்து செய்வோம், அப்புறம் நீங்களே பாத்துக்கோங்க.” இவ்வளவு போதும். 11 ஆண்டுக் கணக்கை அன்றைக்கு எடுத்தால் பேச்சு அந்தக் கணக்கில் போய்விடும், குளியலறை அப்படியே இருக்கும்.

மறுநாள் சேர்ந்து செய்யும்போது முழு வேலையையும் காட்டிக்கொடுங்கள். முதலில் ஓட்டையின் மூடியைத் தூக்கி முடியை எடுத்துக் குப்பையில் போட வேண்டும். தண்ணீர் விட்டுத் தள்ளினால் உள்ளே போய்ச் சுருண்டு அடைக்கும். வெள்ளைப் படலத்துக்கு, 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 2 மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பை, அதாவது சிட்ரிக் அமிலத்தை, கரையுங்கள். பழந்துணியை அதில் நனைத்துக் குழாயைச் சுற்றி 15 நிமிடம் விட்டால் படலம் இளகிவிடும். பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மார்பிள், மொசைக் தரையில் இது படக் கூடாது, அமிலம் கல்லையே அரிக்கும். டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்டும் அரிபடும் என்பதால் அரை மணி, ஒரு மணி என்று ஊறவிட வேண்டாம். இளஞ்சிவப்பாக வழுவழுவென்று இருப்பது சோப்புக் கசடில் வளரும் பாக்டீரியா. சோப்புத்தூள் போட்டு அழுத்தித் தேய்த்தாலே போகும். ஆனால் ஈரம் நின்றால் திரும்ப வரும், அதனால் கடைசியில் குளிக்கிறவர் தண்ணீரைத் தள்ளிவிட்டு வர வேண்டும்.

ஒன்றை மட்டும் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை கிளீனரையோ, எலுமிச்சை உப்பையோ, வினிகரையோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது. அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அதை மூச்சிழுத்தால் நுரையீரல் பாதிக்கும். ஆர்வக்கோளாறில் இரண்டையும் கொட்டுகிறவர்கள் பெரும்பாலும் புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள்தான்.

எது முடிந்தால் வேலை முடிந்தது என்பதையும் அன்றைக்கே பேசி வையுங்கள். ‘சுத்தமாக இருக்கணும்’ என்றால் அவருக்கு ஒரு அர்த்தம், உங்களுக்கு வேறு அர்த்தம். வெறுங்காலில் நடந்தால் வழுக்கக் கூடாது, ஓட்டையில் முடி இருக்கக் கூடாது, குழாயில் வெள்ளை தெரியக் கூடாது, வாளியின் அடி வழவழக்கக் கூடாது. இப்படிச் சொன்னால் அவரே தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வார். நாள், பொருள் வாங்குவது எல்லாம் அவர் பொறுப்பு.

இதற்குப் பிறகுதான் பல வீடுகளில் கெட்டுப்போகிறது. இரண்டாவது ஞாயிறு அவர் மறப்பார், மனைவி “இன்னைக்கு பாத்ரூம்” என்று ஞாபகப்படுத்துவார். அந்த நிமிடமே கண்டுகொள்ளும் பங்கு மனைவியிடம் திரும்பிவிடுகிறது. அல்லது அவர் அரைகுறையாகச் செய்வார், மனைவி உள்ளே போய் மறுபடியும் தேய்ப்பார். அதோடு அவருக்கும் விட்டது, உங்களுக்கும் வேலை பழையபடி வந்தது. ஒரு வாரம் தவறினால் பேசாமல் இருங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் தவறினால், அழுக்கைப் பற்றிப் பேசாமல் ஒப்புக்கொண்டதைப் பற்றிப் பேசுங்கள்: “ஞாயித்துக்கிழமை செய்யறதா சொன்னீங்க, அந்த நாள் ஒத்துவரலையா? வேற நாள் வெச்சுக்கலாமா?” ஒரு வேலை புதியவர் கையில் பழக ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும். அதுவரை குளியலறை நீங்கள் வைத்திருந்த அளவுக்கு இருக்காது, அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இவ்வளவு சொல்லியும், தெளிவாகக் கேட்டும், “அதெல்லாம் பொம்பள வேலை” என்று தட்டிக்கழித்தால் அது கவனக்குறைவு ஆகாது, மறுப்பு. அப்போது பேச வேண்டிய விஷயம் குளியலறை இல்லை.

வாசகி, மதுரை: மூன்று மாதமாக நான் வீட்டில் மாவு அரைப்பதில்லை. கடை மாவு வாங்கி, பழைய எவர்சில்வர் தூக்கில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன். கணவருக்கு இன்னும் தெரியாது. “இன்னைக்கு இட்லி பூ மாதிரி இருக்கு” என்று பாராட்டுகூட வந்தது. சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை, என்னவோ போல இருக்கிறது. சொல்லலாமா?

பதில்: சொல்லிவிடுங்கள். திருச்சி வாசகியின் நிலைமை வேறு, உங்களது வேறு. அவர் வீட்டில் வேலை நின்றதன் விளைவு கண்முன் இருக்கிறது. உங்கள் வீட்டில் இட்லி நிற்கவில்லை. தட்டில் வருவது மாறாதபோது கணவர் கவனிக்காததில் அவர் குற்றம் எதுவும் இல்லை.

உங்களுக்கு ‘என்னவோ போல’ இருப்பதன் காரணத்தை நாங்கள் இப்படி எண்ணுகிறோம். இத்தனை வருடம் அரைத்த உழைப்பும் இதே மாதிரி அவர் கண்ணுக்குத் தெரியாமல்தானே போயிருக்கும் என்ற சந்தேகம் வந்திருக்கிறது. அந்தச் சந்தேகம் நியாயமானது. மாவு அரைப்பது என்றால் கிரைண்டர் ஓடும் நேரம் என்றுதான் பல ஆண்கள் நினைக்கிறார்கள். 4 டம்ளர் இட்லி அரிசி, 1 டம்ளர் உளுந்து, 1 டீஸ்பூன் வெந்தயம் என்ற சாதாரணக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். களைந்து ஊறவைக்க வேண்டும், 4 மணி நேரம் ஊறும்வரை வெளியே நீண்ட வேலை வைத்துக்கொள்ள முடியாது. உளுந்து 25 முதல் 30 நிமிடம், அதுவும் பக்கத்தில் நின்று தண்ணீர் தெளித்து ஓரத்தைத் தள்ளிவிட்டுக்கொண்டே. அடுத்து அரிசி. உப்புப் போட்டுக் கையால் கலந்து, பொங்க இடம் விட்டுப் பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். கல்லைத் தூக்கிக் கழுவுவதற்கே கால் மணி நேரம். காலையில் எழுந்ததும் பொங்கிவிட்டதா என்று பார்த்து, புளிப்பதற்குள் ஃப்ரிட்ஜுக்குள் வைக்க வேண்டும், சித்திரையில் அரைத்தால் இன்னும் சீக்கிரம். இட்லித் தட்டில் இதில் ஒன்றும் தெரியாது.

ஆகவே சொல்லும்போது ‘மாவை மாற்றியதுகூட உங்களுக்குத் தெரியலையா’ என்று ஆரம்பிக்காமல், அரைப்பதில் இவ்வளவு இருந்தது, முடியவில்லை, நிறுத்திவிட்டேன் என்று சொல்லுங்கள். வாரம் எத்தனை பாக்கெட் ஆகிறது, என்ன செலவு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். வீட்டுச் செலவில் மூன்று மாதமாகத் தெரியாமல் போகும் காசு, மாவைவிடப் பெரிய மனத்தாங்கலைக் கொண்டுவரும்.

கடை மாவில் கவனிக்க வேண்டியது: அன்றைக்கு அரைத்ததாக, இன்னும் புளிக்காததாகப் பார்த்து வாங்கி வீட்டில் பொங்கவிடுவது நல்லது. வாங்கும்போதே உப்பிப்போய்க் குமிழி விட்டிருந்தால் மறுநாளே புளித்துவிடும். புது மாவைப் பழைய மாவின் மேல் ஊற்றாதீர்கள், பழையதன் புளிப்பு மொத்தத்துக்கும் ஏறும். பாராட்டை நீங்கள் மனதார ஏற்றுக்கொள்ளலாம். நல்ல மாவைத் தேடிப் பிடித்து, சரியான பதத்தில் வேகவைத்தது நீங்கள்தான்.

வாசகர், கோயம்புத்தூர்: மாடித் தொட்டி, மோட்டார், இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் நான்தான். இதெல்லாம் ஒரு வேலையாகவே என் மனைவிக்குத் தோன்றியதில்லை. வெறுத்துப்போய் 7 மாதமாகப் பேட்டரியைத் தொடவே இல்லை. அவளுக்கு அது தெரியவும் இல்லை. இப்போது கரண்ட் போனால் முன்போல இழுப்பதில்லை.

பதில்: உங்கள் வருத்தம் நியாயம். வருடத்தில் சில நாள் மட்டும் செய்யும் வேலைகள் யார் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆனால் சத்தமில்லாமல் நிறுத்தத் தகுந்த வேலை இது இல்லை. குளியலறை அழுக்கானால் தேய்த்து மீட்டுவிடலாம், காய்ந்த பேட்டரியை மீட்பது கடினம்.

பேட்டரியில் தண்ணீர் ஆவியாகவும் வாயுவாகவும் குறைந்துகொண்டே போகும். உள்ளே இருக்கும் ஈயத் தகடுகள் வெளியே தெரிந்தால், அந்தப் பகுதியில் சல்பேட் இறுகிப் படிந்துவிடும். அந்த அளவுக்குப் பேட்டரியின் கொள்ளளவு போய்விட்டது என்று பொருள். முன்போல இழுப்பதில்லை என்று நீங்கள் சொல்வது இதுவாக இருக்கலாம்.

இன்றைக்கே பாருங்கள். இன்வெர்ட்டரை அணைத்து, பிளக்கையும் எடுத்துவிடுங்கள். கண்ணாடி, ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பக்கத்தில் தீக்குச்சியோ ஊதுபத்தியோ கூடாது, சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். மிதவைக் குச்சி உள்ள பேட்டரியானால் குச்சி சிவப்பில் இறங்கியிருக்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்ற வேண்டும். போர்வெல் தண்ணீர் ஆகாது, ஆர்.ஓ. தண்ணீரும் ஆகாது, அதிலும் உப்பு மிச்சம் இருக்கும். ஆசிட் ஊற்றவே கூடாது, ஏனென்றால் குறைந்தது தண்ணீர்தான். தகடு வெளியே தெரிந்தால் முதலில் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் ஊற்றி, முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு, பிறகு பச்சைக் குறி வரும்வரை நிரப்புங்கள். எடுத்த எடுப்பில் விளிம்புவரை ஊற்றினால் சார்ஜ் ஆகும்போது பொங்கி வழியும். வழிவது ஆசிட் கலந்த தண்ணீர், தரையும் துணியும் போகும். முனைகளில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, காய்ந்ததும் வாஸ்லின் தடவுங்கள். சோடாத் தண்ணீர் துளிகூட பேட்டரிக்குள் போகக் கூடாது. இதன் பிறகும் இழுக்கவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, பேட்டரிக்குள் ஒவ்வொரு அறையிலும் இருக்கும் ஆசிட்டின் அடர்த்தியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து மனைவியிடம் பேச வேண்டியது. அவருக்குத் தெரியாமல் போனதற்கு ஒரு காரணம், பேட்டரி பரண்மேலோ படிக்கட்டுக்கு அடியிலோ இருப்பது. நீங்கள் ஊருக்குப் போயிருக்கும்போது கரண்ட் போனால் தவிக்கப்போவது அவர். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கோடையில் மாதம் ஒரு முறை குச்சியைப் பார்க்க வேண்டும் என்பதைக் காட்டிக்கொடுங்கள். சமையலறைக் காலண்டரில் தேதி போட்டு இருவர் கண்ணிலும் படும்படி எழுதிவையுங்கள். மாடித் தொட்டி கழுவும் நாளும் அதிலேயே இருக்கட்டும். எழுதி வைத்த வேலைதான் வேலையாகத் தெரியும். அவருடைய வேலைகளையும் அதே காலண்டரில் எழுதச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாத நாலைந்து அதில் இருக்கும்.

வாசகி, நாகர்கோவில்: கோபம் வந்தால் நானும் சில வேலைகளை விட்டுவிடுவேன். எதையெல்லாம் அப்படி விடவே கூடாது?

பதில்: விட்டால் உடம்புக்கும் உயிருக்கும் ஆபத்து வருகிற எதையும். விட விரும்பினால் தாராளமாக விடுங்கள், இன்னார் இன்றிலிருந்து பார்க்க வேண்டும் என்று வாயால் சொல்லிவிட்டு விடுங்கள்.

தண்ணீர் பிடித்து வைக்கும் பாத்திரங்களை வாரம் ஒரு முறை காலி செய்து உள்பக்கத்தைத் தேய்ப்பது முதலில் வரும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். வாரம் ஒரு முறை என்பது அந்தக் கணக்கில்தான். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்கு மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும், பல மாதம் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் தேய்க்க வேண்டும். பழைய ஃப்ரிட்ஜானால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், கம்ப்ரசருக்கு மேலே ஒரு தட்டு இருக்கும். உள்ளே உருகும் தண்ணீர் அதில்தான் விழுகிறது. வீட்டில் யாருமே பார்க்காத இடம் அதுதான், கொசுப்புழு நெளிவதும் அங்கேதான்.

கேஸ் அடுப்பு ரப்பர் குழாயை 5 ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், தேதி குழாய் மேலேயே அச்சிட்டிருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். கசிவு சந்தேகம் வந்தால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள், தீக்குச்சி வேண்டாம். அவசர உதவிக்கு 1906. குக்கர் விசில் குழாயை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை தெரிகிறதா என்று பார்ப்பதும் இந்தப் பட்டியலில்தான். பருப்பு நுரையும் தக்காளித் தோலும் அதில் அடைக்கும்.

பெரியவர்களின் மாத்திரை, குழந்தையின் தடுப்பூசித் தேதி இரண்டும் சொல்லவே வேண்டியதில்லை. கீழ்த் தொட்டியைக் கழுவ யாரும் தனியாக உள்ளே இறங்கக் கூடாது. மூடியே கிடந்த தொட்டியில் மூச்சுவிடப் போதுமான ஆக்சிஜன் இல்லாமல் போகலாம்.

வாசகி, சேலம்: எனக்கு வேலை இல்லை, அதனால் வீட்டு வேலை முழுக்க என்னுடையது என்கிறார் கணவர். ஒன்றிரண்டு வேலையை நிறுத்திப் பார்த்தேன், தெரியவே இல்லை. என்ன பதில் சொல்வது?

பதில்: கணக்கைச் சொல்லுங்கள். மத்திய அரசு 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். அந்த 97-ம் வீட்டு வேலை செய்த ஆண்களின் சராசரிதான். அப்படிச் செய்தவர்கள் நூற்றுக்கு 26 பேர். 2024 கணக்கெடுப்பில் இது 289-க்கு 88.

‘வேலை இல்லை’ என்பதை நீதிமன்றமும் ஏற்கவில்லை. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது, அந்தப் பணத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. எல்லா வழக்குக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் வீட்டு வேலையும் உழைப்பு என்பதை அது தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஒரு வாரம் இருவரும் சேர்ந்து எழுதிப் பாருங்கள். எழுந்த நேரத்திலிருந்து படுக்கும்வரை அரை மணிக்கு ஒரு வரி, அவர் அலுவலகம் போய்வரும் நேரமும் உட்பட. இருவரின் ஓய்வு நேரத்தை மட்டும் கூட்டுங்கள். யார் அதிகம் வேலை செய்வது என்ற சண்டைக்கு முடிவே கிடையாது. யாருக்கு ஓய்வு குறைவு என்பது தாளிலேயே தெரிந்துவிடும், அதைச் சமப்படுத்துவதைப் பற்றிப் பேசலாம். அவருடைய ஞாயிறு மதியத் தூக்கம் போல உங்களுக்கு ஒரு அரை நாள் வேண்டும் என்று கேளுங்கள். அந்த அரை நாளில் சமையல், பாத்திரம், பிள்ளை மூன்றும் அவர் பொறுப்பில் இருக்கட்டும்.

நீங்கள் நிறுத்திய ‘ஒன்றிரண்டு’ எவை என்று எழுதவில்லை. பனியன், போர்வைக்கு இஸ்திரி, தினமும் ஷோகேஸ் துடைப்பு மாதிரி ஏதாவதானால் இனியும் செய்யாதீர்கள். இரண்டு மாதம் யாருக்கும், உங்களுக்கும் சேர்த்து, குறையாகத் தெரியவில்லை என்றால் அந்த வேலை தேவையில்லை.

வாசகர், கும்பகோணம்: வயது 68. மனைவிக்கு 64. நாலு மணிக் காபி எங்கள் வீட்டில் 40 வருடப் பழக்கம். இரண்டு மாதமாக அவள் போடுவதில்லை. நான் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டேன், கேட்டால் குறை சொல்வதாக ஆகுமோ என்று. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்பதா, விடுவதா?

பதில்: இன்றைக்கே கேளுங்கள். கவனித்தும் காட்டிக்கொள்ளாமல் இருந்தால், கவனிக்கவே இல்லை என்றுதான் அவருக்குப் படும். இரண்டு மாதமாக அவர் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கக் கூடும்.

“ஏன் காபி போடறதில்ல?” என்று கேட்காதீர்கள், அது நீங்கள் பயந்த மாதிரியே குறையாகத்தான் கேட்கும். நீங்களே போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, “கொஞ்ச நாளா நீ போடறதில்லைன்னு கவனிச்சேன், உடம்புக்கு ஏதாவதா, இல்ல என் மேல வருத்தமா?” என்று கேளுங்கள். இருவருக்கு, ஃபில்டரின் மேல் பாகத்தில் 3 மேசைக்கரண்டி தூள் போட்டு, குடையால் லேசாகச் சமப்படுத்துங்கள். அழுத்தித் திணித்தால் டிகாஷன் இறங்காது, அழுத்தாமலே விட்டால் தண்ணியாக ஓடிவிடும். கொதித்த தண்ணீர் 150 மில்லி, மெல்ல வட்டமாக ஊற்றி மூடிவையுங்கள். 15, 20 நிமிடத்தில் இறங்கிவிடும். நாலு மணிக்கு வேண்டுமானால் மூன்றரைக்கே ஆரம்பிக்க வேண்டும். டிகாஷனைக் கொதிக்கவைக்காதீர்கள், பாலைத்தான் காய்ச்ச வேண்டும்.

இந்த வயதில் நெடுநாள் பழக்கம் ஒன்று திடீரென்று நின்றால் மனத்தாங்கல் மட்டும் காரணம் என்று இருந்துவிடக் கூடாது. மதியத்துக்குப் பிறகு முழங்கால் வலியில் நிற்க முடியாமல் இருக்கலாம். கண்புரையில் பால் பொங்குவது தெரியாமல் பயந்திருக்கலாம். காபி குடித்தால் நெஞ்சு கரிக்கிறது என்று அவரே நிறுத்தியிருக்கலாம். கோலம், பூஜை, தொலைபேசிப் பேச்சு என்று அவருக்குப் பிடித்த மற்றவையும் குறைந்திருக்கிறதா, தூக்கமும் பசியும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் மனச்சோர்வோ தைராய்டுக் குறைவோ இருக்க வாய்ப்புண்டு. அடுப்பை அணைக்க மறப்பது, பழகிய சமையலில் வரிசை குழம்புவது, சொன்னதையே திரும்பச் சொல்வது இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். போகும்போது எந்த வேலை எப்போதிலிருந்து நின்றது என்று தேதியோடு எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்றாக இருக்கும்.